"உங்கள் வீட்டில் யார் ரொம்பக் கறுப்பு?"

குடும்பத்தோடு கடற்கரையில் எடுத்த படங்களை யார் காட்டினாலும் நான் முதலில் காதைத்தான் பார்க்கிறேன். முகத்தை வெளுப்பாக்குகிறவர்கள் காதை மறந்துவிடுகிறார்கள், கழுத்தை மறந்துவிடுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நிற்கிற பாதங்களைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். பெரியப்பா வீட்டு ஹாலில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிற படத்திலிருந்துதான் இந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியது. இங்கே மலேசியாவில், போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்தது. பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லாரும் வெள்ளைச் சட்டை, நீல ஜீன்ஸ் (பாட்டிக்கு மட்டும் சேலை, அதுவும் வெள்ளைதான், பாவம்). அக்கா மகனுடைய முகம் பால் கூடிப்போன தே தாரேக் தேநீர் நிறத்தில் இருக்கிறது, இரண்டு காதும் அவனுடைய சொந்த நிறத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு மூக்குத்திக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சத்தைக் காணோம். பெரியப்பாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, எஸ்டேட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போன காலத்தில் பட்டது, அதுவும் போய்விட்டது.

எடுத்தவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நேரத்துக்கு வந்தார், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார், சொன்ன தேதியில் படங்களை அனுப்பினார். வீட்டில் எல்லாருக்கும் பிடித்தும் இருந்தது. எனக்கு உறுத்தியது அதுதான். "எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு" என்று பெரியம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மச்சம் ஞாபகம் வரும். அம்மாவுக்கும் அந்தப் படம் பிடிக்கும் என்று தெரிந்தபோது இன்னும் கடுப்பு. தன் முகத்தில் இல்லாத ஒரு நிறத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படும்போது நாம் நடுவில் புகுந்து என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அப்புறம் அம்மாவுக்கு எழுபது வயது வந்தது. டிசம்பரில் பினாங்கு, பத்து பெரிங்கியில் தங்கல், மாலையில் கடற்கரையில் குடும்பப் படம் என்று முடிவானது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆளாளுக்குப் போட்டோகிராபர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களை அனுப்பத் தொடங்கினார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு வரிசை, பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் அப்பா, ஈர மணலில் கால்தடம். நான் தேடியதோ எங்களைப் போன்ற ஒரு குடும்பத்தை. அப்படிப்பட்டவர்கள் அபூர்வமாகத்தான் இருந்தார்கள், இருந்த இடத்தில் காதைப் பார்த்தேன், போதும் என்று ஆகிவிட்டது.

முழு ஆல்பத்தைக் கேளுங்கள்

இதைக் கொஞ்சம் வளர்த்திச் சொல்ல வேண்டும். பக்கத்தில் போட்டிருக்கும் பத்துப் படம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும், வருஷக் கணக்கில் எடுத்ததில் பொறுக்கியது அது. நான் கேட்டது வேறு: ஒரே குடும்பம், ஒரே மாலை, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, வாடிக்கையாளருக்கு அனுப்பிய அதே ஆல்பம். அந்தக் குடும்பத்தில் கறுத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர் பதிலே போடவில்லை. சிலர் வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்றார்கள், அது நியாயம்தான். எனக்கு மறக்க முடியாத பதில் நம் ஆளிடமிருந்து வந்தது, அழகான தமிழில், பெரிய மரியாதையோடு: "கவலையே படாதீங்க அக்கா, எல்லாரையும் ஃபேர் பண்ணித் தந்துடுவோம், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு இல்லை."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பழக்கியது நாம்தான். கல்யாண மண்டபத்தில் கேமராக்காரர் பக்கத்தில் போய் "கொஞ்சம் ப்ரைட்டா எடுங்க அண்ணே" என்று காதில் சொல்கிற அத்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. கடப்பிதழுக்குப் (பாஸ்போர்ட்டுக்குப்) படம் எடுக்கிற கடையில்கூட, நாம் வாயைத் திறக்கும் முன்பே கணினியில் முகத்தைத் துடைத்துவிடுகிறார்கள்.

ஆனால் கடற்கரையில் நம் நிறம் கெட்டுப்போவதற்கு நம்முடைய ஆசை மட்டும் காரணமில்லை, கேமராவின் கணக்கும் இருக்கிறது. ஒளியை அளக்கும்போது, எதிரே இருக்கிற காட்சியைச் சராசரியாகப் போட்டால் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற அனுமானத்தில்தான் அது கணக்குப் போடும். இப்போது பின்னால் பளபளக்கும் கடல், மேலே வானம், கீழே மணல், போதாக்குறைக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டை. வெளிச்சம் ரொம்ப அதிகம் என்று அது நினைத்துக் குறைத்துவிடும். மாநிற முகங்களே இருண்டுவிடும், கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். பிறகு கணினியில் உட்கார்ந்து அந்த இருட்டை மேலே தூக்குவார்கள். தூக்கினால் தோலில் ஓடுகிற செம்மை வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். சாம்பலை மறைக்க வழவழப்பு, வழவழப்பில் மச்சம் போகும், தழும்பு போகும். பெரியப்பா வீட்டுப் படத்துக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடாக் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும், அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த தோலின் நுணுக்கம் பிடிபடவில்லை என்பதற்காக ஃபிலிமை மாற்றினார்களா என்றால், அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொன்னது வேறு: சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரப் படத்தில் பழுப்பு நிறங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று புகார் செய்த பிறகுதான் வேகம் வந்ததாம். மேசை நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை! கைப்பேசி வந்து இவ்வளவு காலம் ஆன பிறகு, 2021-ல்தான் கூகுள் தன் பிக்சல் கைப்பேசியில், கறுத்த தோலும் உள்ளபடி வருவதற்காக, 'ரியல் டோன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஹார்வர்டு பேராசிரியர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துத் தோல் நிறப் படிநிலையை எடுத்துக்கொண்டது.

விலை விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். எங்களிடம் சொன்ன விலைகள் சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போயின. விலைக்கும் நான் தேடியதற்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் அனுப்பினால் பதிப்புரிமை பற்றிய வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான், வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. அந்த 'வேறு மாதிரி' பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், நம் பிள்ளைகளின் படத்தை அவர்கள் விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற வரியும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

அந்தக் கேள்வி

பினாங்குச் சீனர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார், குறுஞ்செய்திக்குப் பதில் போடாமல் நேராகப் போனில் கூப்பிட்டார். மலாயில்தான் பேசினோம். எத்தனை பேர், சின்னப் பிள்ளைக்கு எத்தனை வயது, மணலில் நடக்கச் சிரமப்படுகிறவர் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில், அடுத்த கேள்வியாக, "சியாப்பா பாலிங் கெலாப்?" என்றார். உங்கள் வீட்டில் யார் ரொம்பக் கறுப்பு?

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆரம்பப் பள்ளியில் ஆரம்பித்து அலுவலக மின்தூக்கி வரை நிறத்தைச் சொல்லிக் கேலி கேட்டு வளர்ந்தவள் நான். கேலி செய்தவர்களில் எல்லா இனமும் உண்டு, சொந்தக்காரர்களும் உண்டு. முன்பின் தெரியாத ஒரு மனிதர் போனில் இதைக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும், வந்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன், கொஞ்சம் விறைப்பாகத்தான்.

அவர் பதறவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. குழுவாக எடுக்கும்போது ஒரு முகத்துக்குத்தான் ஒளியை வைக்க முடியும் என்றார். வெளுத்த முகத்துக்கு வைத்தால் கறுத்தவர் தொலைந்துபோவார், பிறகு கணினியில் தேடவேண்டி வரும், தேடினாலும் அவர் கிடைக்க மாட்டார், அவரைப் போல ஒருவர்தான் கிடைப்பார். அதனால் ரொம்பக் கறுத்தவருக்கு ஒளியை வைத்துவிட்டு, வெளுத்தவர்களை வெளிச்சத்திலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துவாராம். "கேட்காமல் வந்துவிட்டால், மணலில் நிற்க வைத்துவிட்டு எல்லாருடைய முகத்தையும் நான் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது இதைவிட மோசம் இல்லையா?" என்று சிரித்தார்.

அம்மாதான் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. பாட்டி இருந்தவரை அம்மாவைக் கறுப்பாயி என்றுதான் கூப்பிடுவார், அதில் கொஞ்சலும் இருக்கும், சில நாள் குத்தலும் இருக்கும். பாட்டி போன பிறகு எல்லாரும் நாகரிகமாகிவிட்டோம், 'மாநிறம்' என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அம்மா மாநிறம் இல்லை. நல்ல கறுப்பு. ஒரு வேலைக்கான விவரமாக, நடக்க முடியுமா, முட்டி வலி உண்டா என்பதுபோல, அதை ஒருவர் குறித்துக்கொண்டது எனக்குப் புதிதாக இருந்தது.

அன்றே அவருக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். முழு ஆல்பத்தையும், அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் அனுப்பினார். பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று, காதெல்லாம் அவரவர் காதாகவே இருந்தன. அவர் சொன்ன மற்ற விஷயங்களும் எழுதி வைக்கத் தகுந்தவை. வெள்ளைச் சட்டை வேண்டாம், அரக்கு, மயில் நீலம், மஞ்சள் என்று அழுத்தமான நிறமாக வாருங்கள், பார்க்கிறவர் கண் முதலில் சட்டைக்குப் போகக்கூடாது. பத்து பெரிங்கி கடற்கரை வடக்குப் பார்த்தது, ஜூனில் வந்தால் சூரியன் கடல் பக்கமாக இறங்கும், டிசம்பரில் இடது கைப்பக்கம் மலைக்குப் பின்னால் போய்விடும், அதனால் கடலில் சூரியன் மறைகிற படம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏழு மணிக்கு மேல்தான் மறையும் என்று ஏழு மணிக்கு வந்தால் ஒன்றும் மிஞ்சாது. இணையத்தில் 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரம் சொல்கிறார்களே, அது குளிர்நாட்டுக் கணக்கு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே அதிகம்.

கடல் எங்கே?

அன்று மாலை விடுதி அறையின் குளிரிலிருந்து நேராக வெளியே வந்த எங்கள் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் புகைமூட்டம், கண்ணாடியில் நீர் படிந்து எதையும் எடுக்க முடியவில்லை. அவர் கேமராப் பையைக் குளிர்சாதனம் இல்லாத இடத்தில் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். ஜெட் ஸ்கீ விடும் பையன்கள் கடைசிச் சவாரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சவாரிக் குதிரை ஒன்று போன வழியில் விட்டுப்போனதைத் தம்பி மகள் கண்டுபிடித்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் எங்களைக் கடலைப் பார்த்து நிற்கச் சொன்னார். கடலுக்கு முதுகைக் காட்டியபடி அவர் நின்றார். எங்களுக்குப் பின்னால் சவுக்கு மரங்களும் இரண்டு பெரிய பாறைகளும். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"கடல் எங்கே?"

"உங்களுக்கு முன்னால இருக்கு மாமா."

"படத்துல எங்கேன்னு கேட்கிறேன். மரத்தோட நிக்கிறதுக்கா செந்தூல்லேர்ந்து வந்தோம்? தித்திவங்சா ஏரியிலேயே எடுத்திருக்கலாமே, டோல் காசாவது மிச்சம்."

தம்பி சிரித்துவிட்டான். மாமா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தது கடலுக்காகத்தானே. போட்டோகிராபர் மாமாவைத் தன் பக்கத்துக்குக் கூப்பிட்டார். "அங்கிள், இங்கிருந்து ஆன்ட்டியைப் பாருங்கள்" என்று காட்டினார். நானும் கூடவே போனேன். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. வடக்கு வானம் முழுவதும் வெளுத்துக் கிடந்தது, அந்த வெளிச்சம் கடல்மேல் வந்து அப்படியே அம்மா முகத்தில் விழுந்தது. கன்னத்து எலும்பின்மேல் ஒரு மெல்லிய பளபளப்பு, அதற்குக் கீழே கறுப்பில் ஓடுகிற செம்மை, மூக்குத்தியின் சிவப்புக் கல், பக்கத்தில் மச்சம். அரக்குச் சேலையில் அம்மா எதையோ யோசித்துக்கொண்டு நின்றார், ராத்திரிச் சாப்பாடாகத்தான் இருக்கும். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இப்படி நாலு எடு. அப்புறம் கடலோட எடு" என்றார்.

அப்படியே நடந்தது. முதலில் அம்மாவை வெளிச்சத்துக்கு முன்னால் கொண்டுவந்து, வெளுத்த நிறமான தம்பி மனைவியையும் அக்கா மகளையும் மரத்தடிப் பக்கம் ஓரடி தள்ளி நிறுத்தி எடுத்தார். அப்புறம் கடலைப் பின்னால் வைத்து, உதவிக்கு வந்த பையன் கையில் பெரிய துணிப்பெட்டி மாட்டிய ஃபிளாஷ் விளக்கைக் கொடுத்து, அதை அம்மா பக்கமாகவே பிடிக்கச் சொல்லி எடுத்தார். அந்தப் படங்களும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன, ஒன்றில் ஜெட் ஸ்கீ பெரியப்பா தலைக்குள் புகுந்து வெளியே வருகிறது. இருட்டு விழுந்ததும் கேமராவை உள்ளே வைத்துவிட்டார், இன்னும் ஒன்று என்று நாங்கள் கேட்டும் கேட்கவில்லை.

படங்கள் வந்ததும் நான் மரத்தடிப் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். பெரியப்பா தன் புருவத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்தக் கத்தி பட்ட கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார், எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இத்தோடு ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருந்தால், அன்று ராத்திரியே சின்னம்மா அதே படத்தைத் தன் கைப்பேசிச் செயலியில் போட்டு எல்லாரையும் ஒரு சுற்று வெளுத்து, இதயங்களோடு குழுவில் அனுப்பினார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். கொதித்துப்போய் அம்மாவிடம் இரண்டையும் காட்டி, எது பிடித்திருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்து, "இதுல என் அம்மா மாதிரி இருக்கேன்" என்று பிரிண்டைக் காட்டினார். அது பாராட்டா, புகாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் சின்னம்மா கூப்பிட்டார். மகளுக்கு நிச்சயம் வருகிறது, அந்தச் சீனருடைய நம்பர் வேண்டும். "ஆளு நல்லாத்தான் எடுக்கிறான், ஆனா கொஞ்சம் வெளுப்பா எடுக்கச் சொல்லி நீயே ஒரு வார்த்தை சொல்லிடும்மா." நம்பரைக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையை நீங்களே அவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் சின்னம்மா, முதலில் அவர் உங்களை ஒன்று கேட்பார், அதற்குப் பதில் சொல்லிவிட்டு, என்றேன்.